நீலக் காரின் மேல் நான் ஊற்றிய கடல்நீர்

அன்பு மகள் ஹேரானுக்கு, உல்லுங் தீவின் ஜோதோங் துறையிலிருந்து அப்பா எழுதுவது. எனக்கு இருமல், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, இவை போக இருவரும் சுகம். கனடாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். ஆம், நானேதான் எழுதுகிறேன், இது பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை. போன வசந்தத்தில் ஊர் மன்றத்து எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி வருகிறது. நேற்று எழுதிய வரி இன்று காலையிலும் அங்கேயே இருந்துகொண்டு, நான் சொன்னதையே சொல்கிறது. ஐம்பது வருடம் கடலில் இருந்தேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

கணவாய் இந்த வருடமும் குறைவு. பனிக்கு மட்டும் குறைவில்லை, மூன்று நாளில் என் இடுப்புக்கு ஏறிவிட்டது. கடல்நீர் லாரி வழக்கம்போல் காலையில் வந்து சாலையில் பீய்ச்சிவிட்டுப் போகிறது, பனி கரைந்து ஓடுகிறது. இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் எழுத்து எதையாவது கொண்டுவந்து வகுப்பில் படியுங்கள் என்று எங்கள் டீச்சர் சொன்னார். சுன்நே அக்கா மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நான் உன் நீலக் காரின் முன்பெட்டியில் இருந்த, வண்டியைப் பராமரிக்கும் முறை சொல்லும் புத்தகத்தை எடுத்துப் போனேன். மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோது ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். பனி அதிகம் காணாத பூசானில் பிறந்தவர் அல்லவா, பனிக்குப் பயந்து அந்தப் பக்கத்தை மடித்திருக்கிறார் பாவம். அதையே படித்தேன். வண்டியின் மேல் உள்ள பனியை மண்வாரியாலோ கடினமான துடைப்பத்தாலோ சுரண்டக் கூடாது, பனிக்குள் இருக்கும் மணல் வண்ணத்தைக் கீறிவிடும் என்று இருந்தது. உப்புநீர் படக் கூடாது, பட்டால் உடனே நல்ல நீரால் கழுவ வேண்டும் என்றும் இருந்தது. அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. சுன்நே அக்கா, "என்ன தம்பி, வலையில சுறா மாட்டிக்கிச்சா, இழுக்க முடியாம நிக்கிறே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர், "மெதுவா படிங்க ஐயா, அவசரமில்ல" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாமல் நிற்கவில்லை, ஹேரான். நன்றாகப் படித்துவிட்டதால் நின்றேன்.

நீ காரைத் தம்பி யோங்தேவிடம் விட்டுப் போன பிறகு வந்த இரண்டு குளிர்காலத்திலும், பனி விழுந்த ஒவ்வொரு காலையும் அவன் எழுவதற்குள் நான் துறையிலிருந்து இரண்டு வாளி கடல்நீர் தூக்கிவந்து அதன் மேல் ஊற்றினேன். சாலைப் பனியைக் கரைப்பது காரின் பனியையும் கரைக்கும்தானே என்று நினைத்தேன். படகின் அடியைத் தேய்க்கும் முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்தேன், கரையாத இடத்தை மண்வாரியால் சுரண்டினேன். யோங்தேவுக்கு வேலை மிச்சம் என்று பெருமையாகவும் இருந்தது. பிறகு ஏப்ரலில் நீ வந்தாய். காரின் மூடிமேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாய், கீறலையும் துருவையும் பார்த்தாய். "செத்தவரோட வண்டி, கேட்க ஆளில்லன்னுதானே இப்படி வச்சிருக்கே" என்று அவனிடம் சொன்னாய். நான் அங்கேயே நின்று, நீ சொல்வது சரி என்று என் பங்குக்கும் அவனைத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, இரண்டு புத்தாண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா? நீங்க வாளி தூக்கிட்டுப் போனதை ஊரே பார்த்துச்சு. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உங்க மகன் சத்தியம் வாங்கிட்டான்" என்றாள். உடனே யோங்தேவின் பட்டறைக்குப் போனேன். படகு இயந்திரத்துக்குள் கையை விட்டிருந்தான். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "அக்கா என்மேல கோவமா இருந்தா என்னைக்காவது ஒருநாள் திட்டித் தீர்த்துட்டுப் பேசிடுவா, எனக்கு வயசு இருக்கு. உங்கமேல கோவமா இருந்து, அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அவ தாங்குவாளா?" என்றான். அப்புறம், "நாளைக்கும் பனி இருக்காம், அந்த வாளியை மட்டும் தொடாதீங்கப்பா" என்றான். வீட்டுக் கூரையை விட உயரமான அலையை நான் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டறை வாசலில் நின்றதுபோல் அவ்வளவு சின்னவனாக எங்கும் நின்றதில்லை. என் வீட்டில், என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்குள் இவ்வளவு பெரியது இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து காரின் பனியை எடுத்தோம். முதலில் பின்னால் குனிந்து புகைக்குழாயைத் தோண்டி விடுவித்தான், அது பனியில் அடைத்திருந்தால் நச்சுப்புகை வண்டிக்குள்ளேயே வந்துவிடுமாம். பிறகு பஞ்சுத் தலை வைத்த நீளக் கம்பால் கூரையிலிருந்து ஆரம்பித்தான். அழுத்தாமல், தேய்க்காமல், மேலே இருப்பதை மட்டும் தள்ளினான், விரல் கனத்துக்கு ஒரு படலத்தை விட்டுவிட்டான். மீதியையும் எடுக்க என் கை துறுதுறுத்தது, "விடுங்கப்பா, அது தானா போகும்" என்றான். நின்ற வண்டியின் இயந்திரம் ஓடிச் சூடேறிக்கொண்டிருந்தது, வெயிலும் வந்தது. யாரும் தொடாமலே அந்த வெள்ளை மெல்ல நழுவி இறங்க, உள்ளிருந்து மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த அந்த நீலம் வந்தது. அதில் நான் போட்ட கோடுகளும் வந்தன. ஒரு கதவில் மட்டும் எண்பத்து மூன்று எண்ணினேன்.

வண்டியைக் கெடுத்தவன் நான், மகளே. போனில் சொன்னால் "பரவாயில்லப்பா" என்று அவசரமாக முடித்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் உன் கோபம் தீரும்வரை திரும்பத் திரும்பப் படிக்கலாம். என்மேல் கோபப்படு, வாங்கிக்கொள்ளத் தெம்பாகவே இருக்கிறேன்.

உன் கையும் காலும் குளிரில் நோகாமல், போன இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும். அங்கேயும் பனி எடுக்கும்முன் புகைக்குழாயைப் பார்த்துவிடு, மறக்காதே. இந்தக் கடிதம் எழுதுவது உன் தம்பிக்குத் தெரியாது. தினமும் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருவான், அப்போது உனக்கு இரவு எட்டரை என்று அம்மா சொல்கிறாள். அந்த நேரத்தில் வீட்டுப் போன் அடித்தால் நானும் அம்மாவும் எழுந்திருக்க மாட்டோம். அவன்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது நாளில் இதை எழுதி முடித்த
உன் அப்பா
பாக் தால்சு