நீர்வஞ்சிக்கு ஒரு படுக்கை

செவ்வாய்க் கோள், மூன்றாம் கூடாரம். பதிவர்: தாவரவியலாளர் வடிவாம்பிகை.

நாள் 212. காலை 8:10
மரத்தின் அடையாளம் உறுதி. இலை ஈட்டி வடிவம், விளிம்பில் நுண்பற்கள், அடிப்பக்கம் வெளுப்பு. முள் இல்லை. பட்டையில் நீள வெடிப்புகள், மென்றால் கசப்பு. நீர்வஞ்சியேதான். ஆயுர்வேதத்தில் காய்ச்சலுக்கு இதன் பட்டையைக் கஷாயம் வைப்பார்கள். பழைய நூல்கள் பிரம்பையும் வஞ்சி என்பதால் கட்டுப்பாட்டு மையத்தில் இதைப் பிரம்பு என்று பதிந்துவைத்திருக்கிறார்கள். பூமியில் நின்ற கடைசி மரத்தின் கிளையிலிருந்து வளர்ந்தது. விதை சில நாளில் செத்துவிடும் என்பதால் எந்த விதை வங்கியிலும் இது இல்லை.

நாள் 219. பகல் 1:30
மையப் பொறுப்பாளர் தேவசகாயம்: "ஒரு பிரம்புக்காகவா அங்க உக்காந்திருக்கீங்க? கடைசிக் கப்பல் வருதும்மா, ஏறுங்க. செடி கொடி எதையும் ஏத்த முடியாது. ஆள் இல்லேன்னா தண்ணி தானா நின்னுரும்."
என் பதில்: "பிரம்புக்கு முள்ளு இருக்கும் சார். இதுக்கு இல்ல. எனக்குத்தான் இருக்கு. நான் வரல."

நாள் 263. காலை 7:00
கப்பல் போய்விட்டது. என் பங்குத் தண்ணீரில் பாதி மரத்துக்கு. விடாத காய்ச்சல், மருந்துப்பெட்டி காலி. ஒரு சிறு கிளையின் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்தேன். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறிவிட்டது. அடிமரத்தைச் சுற்றி உரித்தால் நான் பிழைக்கலாம், மரம் பிழைக்காது. பயமாக இருக்கிறது. இருக்கட்டும். கத்தியைப் பூட்டிவைத்துவிட்டேன்.

நாள் 270. மாலை 5:45
நான் போய்விட்டால் தண்ணீரை நிறுத்தப்போகிற எந்திரம் ஆளை எப்படி அறிகிறது என்று பார்த்தேன். படுக்கையறைக் காற்றில் மூச்சின் ஈரம், அவ்வளவுதான். இலையும் ஈரம் விடும். என் படுக்கையில் மண்ணைக் கொட்டிக் கிளைகளை ஒடித்து ஊன்றினேன். மேலே விளக்கு. அந்த அறைக்கு வரும் தண்ணீரிலிருந்து மரத்துக்கும் ஒரு குழாய். எனக்குத் தரை போதும்.

நாள் 291
தளிர் வந்துவிட்டது! மரக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தேன். படுக்கையறையைச் சோதித்து எந்திரம் அறிவித்தது: "உள்ளே ஒருவர். நலம்." எந்திரத்துக்கு அல்வா கொடுத்தாயிற்று. தண்ணீர் நிற்கவில்லை.

நாள் 29
நாளைக்கூட முழுதாக எழுத முடியவில்லை. மரத்தடியில் படுத்திருக்கிறேன். மையம் கூப்பிடுகிறது: "அம்மா, இருக்கீங்களா?" எந்திரமே பதில் சொல்கிறது: "உள்ளே ஒருவர். நலம்."
அது பொய் சொல்லவில்லை.
இதைக் கண்டெடுக்கிற புண்ணியவானே, என்னைப் பிறகு பார். முதலில் ஒரு கிளையை ஒடி. ஈரமண்ணில் ஊன்று. தலைகீழாக ஊன்றித் தொலைக்காதே