வாசலில் நிற்கும் முறை

அஜக்ஸ், கனடா,
நவம்பர் 16

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீ போனை விட்டுவிட்டதால் நான் பேனா எடுக்க வேண்டியதாகிவிட்டது. சரக்குக்கு ஆர்டர் எழுதியே பழகிய கை, கோணல்மாணலாகத்தான் இருக்கும். வந்தவாசி மடத்து மேனேஜர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். படிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தை மாதம் தீட்சை வாங்கித் துறவியாக எங்கள் அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தாய். பெற்றவர்கள் சரி என்று சொல்லாமல் உங்கள் மாதாஜி தீட்சை கொடுக்க மாட்டாராம். நல்ல முறை. அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அவள் இஷ்டம் என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அப்படி வராது. எந்த விலையையும் முதல் பேச்சில் ஒத்துக்கொண்டவன் இல்லை நான். என் பதில் கடைசியில் வரும்.

இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு. இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட வேண்டுமே என்று ஸ்கார்பரோவில் மளிகைக் கடையைத் தியாகலிங்கத்திடம் விட்டுவிட்டு நாலு மணிக்கே ஓடி வருகிறேன். 401 நெடுஞ்சாலையில் சூரியனோடு போட்டி. பல நாள் சூரியன்தான் ஜெயிக்கிறது. அன்றைக்குப் பாலும் கிடையாது, பட்டினிதான். அம்மா இன்னும் மூன்று தட்டு எடுத்து வைக்கிறாள். அப்புறம் ஒன்றை அலமாரியில் வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

ஜைனக் கோயிலில் நீ எடுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. நிவேதிதாவின் அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நமஸ்கார மந்திரமும் அரிசி விலையும்தான். பாதிப் பிள்ளைகள் குஜராத்தி, மீதி ஹிந்தி, தமிழ் இரண்டே பேர். என் இங்கிலீஷைக் கேட்டு எல்லாரும் ஒரே பாஷையில் சிரிக்கிறார்கள்.

உன்னை ஆறு வயதிலிருந்து பனியிலும் மழையிலும் அந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனது எதற்கு? இந்த ஊரோடு கலந்து எங்கேயோ போய்விடாமல் எங்கள் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றுதான். போட்ட முதலுக்கு மேல் வந்துவிட்டது. இவ்வளவு லாபம் நான் கேட்கவே இல்லையம்மா.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தீட்சையன்று தலைமுடியைக் கையாலேயே பிடுங்குவார்கள். சீப்பு சிக்கினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் நீ. வெறுங்காலில் தார் ரோட்டில் நடப்பாய். ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் கையில் வாங்கி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் வண்டி வாகனம் ஏறக் கூடாது. அப்படியென்றால் விமானமும் கிடையாது. நீ இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நீ எழுதவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இன்னும் ஒரு வருஷம் இப்போதிருக்கிற மாதிரி பிரம்மசாரிணியாகவே இரு. ஒருமுறை வந்துவிட்டுப் போ. அப்புறம் பேசலாம்.

இதுவரை எழுதிப் பத்து நாள் ஆகிவிட்டது. தபாலில் போடாமல் கடை மேஜையிலேயே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது.

துறவிகளுக்கு ஆகாரம் கொடுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டச் சொன்னார்கள். நீயும் வருஷாவருஷம் செய்ததுதானே. ஹிரல் என்று எட்டு வயதுப் பெண், முன்பல் இரண்டும் இல்லாதவள், வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு மாதாஜியாக வந்தாள். நாங்கள் ஹாலில் வரிசையாகச் செம்பைப் பிடித்துக்கொண்டு, வந்தாமி வந்தாமி, நில்லுங்கள் நில்லுங்கள் என்று கூப்பிட்டோம். மாதாஜி மனதில் ஒரு அடையாளத்தை நினைத்துக்கொண்டு வருவார், அது எந்த வாசலில் தெரிகிறதோ அங்கேதான் நிற்பார், எங்குமே தெரியாவிட்டால் அன்றைக்குப் பட்டினி என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அவள் என்னிடம்தான் நிற்பாள் என்று இருந்தேன். வாத்தியார் அல்லவா. என் முகத்தைப் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். விளையாட்டுத்தான். ஆனாலும் நில்லுங்கள் என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் பக்கத்துத் தாத்தாவிடம் நின்றுவிட்டாள்.

முடிந்ததும், என்ன அடையாளம் வைத்தாய் என்று கேட்டேன். இரண்டு கையாலும் செம்பைப் பிடித்திருப்பவரிடம்தான் நிற்பது என்று நினைத்தேன், அங்கிள், நீங்கள் ஒரு கையில் போன் வைத்திருந்தீர்கள் என்றாள். துறைமுகத்தில் கண்டெய்னர் மாட்டிக்கொண்டிருந்தது, அதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். மண்ணுக்குள் விளையும் கிழங்கும் வெங்காயமும் சாப்பிடாதவன், ஆனால் மூட்டை மூட்டையாக விற்கிறவன், அவன் கையால் மாதாஜிக்கு ஆகாரம் கொடுக்கலாமா என்று கேட்டேன். முறையில் எழுதியிருப்பதைச் சொல்வேன், எழுதாததை உங்கள் மனதைக் கேளுங்கள் என்றார். கெட்டிக்கார மனுஷன். வியாபாரத்துக்கு வந்திருந்தால் என்னை மிஞ்சியிருப்பார்.

இந்த வாரத்தோடு கடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இல்லை. யோகமலர் அன்ரி வந்து, என்ன அண்ணை, வெங்காயமில்லாத கடையும் ஒரு கடையே, இனி அகர்பத்தி மட்டுமோ விக்கப்போறியள் என்று நக்கலடித்தார். ரூஜ் பகுதியிலிருந்து வருகிற பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்று தியாகலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். போகட்டும். பருப்புக்கு நம்மிடம்தான் வர வேண்டும்.

மேலே ஒரு வருஷம் என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அப்பா கேட்டான் என்று உனக்குத் தெரியவேண்டும். ஆனால் அதற்காக நீ நிற்க வேண்டாம். அனுமதி தந்தேன். அம்மாவும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

தைக்கு இரண்டு பேரும் வருகிறோம். அதற்கப்புறமும் நீங்கள் எந்த ஊரில் தங்கினாலும் மேனேஜர் எனக்குச் சொல்லிவிட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை வருவேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ என்ன அடையாளம் நினைத்து வருவாய் என்று நான் கேட்கக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. தாண்டிப் போனால் இந்தத் தடவை கத்த மாட்டேன்.

ஒரு தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன். உன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்தாயே, சிவப்பு மப்ளர், அதைத்தான் கழுத்தில் போட்டிருப்பேன், வந்தவாசி வெயிலாக இருந்தாலும். ஆகாரம் கொடுக்கிறவர் மேல் கம்பளி ஆகாது என்பார்களே என்று லேபிளைப் பார்த்துவிட்டேன். பருத்திதான். துவைத்து வைத்துவிட்டேன்.

தைக்குப் பிறகு உனக்கு நான் வந்தாமி சொல்லி வணங்க வேண்டியவன். அதனால் ஆசீர்வாதம் இந்தக் கடிதத்தோடு சரி. நன்றாக இரு கண்ணே. காலைப் பார்த்து நட.

உன் அப்பா
அப்பாண்டைராஜன்

அம்மா
லலிதா