ஆய்க்குடித் திருநீறு

அத்தானுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் இருந்த நான்கு வயதுப் பிள்ளை இனிப் பிழைக்காது என்று தெரிந்ததும், "தாய் மடியில குடுத்துருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். பன்னிரண்டு வருட நர்ஸ் நான். அந்தத் தாய் பொன்செல்வியிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. "ஆய்க்குடி முருகன கும்பிட்டுட்டு வாங்கம்மா, சரியாப் போயிரும்" என்று பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பிள்ளை போய்விட்டது. கடைசிவரை என் விரலைத்தான் பிடித்திருந்தது.

சாரலில் நனைந்து திரும்பியவள், நனையாமல் பொத்திக் கொண்டுவந்த திருநீற்றை, நான் வாய் திறக்குமுன் என் கையில் வைத்தாள்.

"ஒங்க மவனுக்கும் சேத்து வேண்டியிருக்கேன் சிஸ்டர்."

பொட்டலம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நம் பிள்ளை நெற்றியில் பூசக் கை கூசுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி