டிஷ்ஷுக்குப் பூசின தேங்காய் எண்ணெய்

இஞ்சாருங்கோ, நான் ஷிப்டுக்குப் போறன். புட்டு சட்டிக்குள்ள இருக்கு, சம்பல் ஃபிரிட்ஜில.

எண்ணெய் பூசினால் சற்றலைட் டிஷ்ஷில ஐஸ் ஒட்டாது எண்டு ஆரோ சொன்னதைக் கேட்டு நேற்று ஏணியில ஏறினீங்கள், சரி. ஆனால் ஏன் தேங்காய் எண்ணெய்? இருபது வருசமாய் இந்தக் குளிருக்குள்ள போத்தலை ஹீட்டருக்கு மேல வைச்சு உருக்கித்தானே தலைக்கு வைக்கிறீங்கள். இப்ப ஐஸுக்குக் கீழ எண்ணெயும் கட்டியாய்க் கிடக்கு. டிவியில ஒரு சனலும் வரேல்லை. நான் சிரிச்சதுக்குக் கோபிச்சுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தீங்கள். சிரிச்சது பிழைதான். இன்னும் சிரிப்பு வருது, என்ன செய்ய.

டிஷ் பூட்டுற புவனேசன் பதினொரு மணிக்கு வருவார். போனில விசயத்தைச் சொன்னன். "அக்கா, அண்ணை கடுகும் தாளிச்சவரோ?" எண்டு கேட்டார்.

அவர் வரும்வரைக்கும் நீங்கள் ஏற வேண்டாம். போன மாசம்தான் முழங்காலுக்கு ஊசி போட்டது. ஏணியைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டன்.

மலர்

பி.கு.: மேல் யன்னலால எட்டிச் சுடுதண்ணி ஊத்துற யோசனையும் வேண்டாம். இஞ்சி போட்ட தேத்தண்ணி பிளாஸ்கில இருக்கு. கெட்டிலைத் தேடாதேங்கோ, அது என்னோட வேலைக்கு வருது.