பியானோவுக்குள் போன பிளேன்டீ

என் ஆசை அண்ணா,

அவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் ஒன்றரை வருடமாக எழுதி எழுதிக் கூப்பிட்ட அந்த மூன்று பேரும், பியானோக்காரப் பிள்ளையும் இரண்டு வெள்ளைக்காரரும், போன சனிக்கிழமை வவுணதீவுக்கு வந்து எங்கள் நெல் ஸ்டோரில் ஜாஸ் வாசித்தார்கள். நீங்கள் இல்லாமல். எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டாமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள்.

நீங்கள் போன அன்றைக்கு உங்கள் படத்தைப் பியானோவுக்கு மேல் வைத்தது நான்தான். வேறு எங்கே வைப்பது? கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் நீங்கள் ஸ்டோரைக் கூட்டிக் கழுவி, முதல் வேலையாக இழுத்துக்கொண்டு வந்து வைத்தது அதைத்தானே. எல்லாரும் படத்துக்கு முன்னால் தண்ணீர் வைப்பார்கள். நீங்கள் எந்த நாளில் பச்சைத் தண்ணீர் குடித்தீர்கள்? காலையில் பால் விடாமல், மூன்று கரண்டி சீனி போட்டுப் பிளேன்டீ வைத்தேன். எட்டாம் நாள் மாலையை மாற்றும்போது என் முந்தானை பட்டுக் கோப்பை சரிந்துவிட்டது. மேலே நின்றதைத் துடைத்தேன். உள்ளே போனது போனதுதான்.

உடனே திறந்து பார்த்திருக்கலாம். சாவுத் துடக்குள்ள வீடு, அண்ணா. ரேடியோவே போடாத வீட்டில் பியானோவைத் திறந்து, கை தவறி ஒரு சத்தம் வந்தால் ஊர் என்ன சொல்லும்? முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று விட்டேன். முப்பத்தொன்றும் முடிந்தது. பிறகு பயத்தில் விட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பிள்ளை முன்பலகையைக் கழற்றினாள். தாரிணி என்று பெயர், கொழும்புத் தமிழ்ப்பிள்ளை. ஐயோ, உள்ளே எறும்பு! நடுவில் ஏழு கட்டைகள் அமர்த்தினால் எழும்பவேயில்லை.

"அங்கிள் கடைசியா எழுதினதில பியானோ நல்லா இருக்கு, நான் பொறுப்பு எண்டு எழுதியிருந்தாரே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற எங்கள் மாமாவின் மகன் தவம் மச்சான் முந்திக்கொண்டார். "அவன் புழுகியிருக்கான் புள்ள. எப்பிடியும் உங்களக் கூப்பிட்டுறணும் எண்ட ஆசையில எழுதியிருப்பான். செத்தவனோட இப்ப சண்டை பிடிக்கவா ஏலும்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுடுதண்ணீர் கொண்டு வாறன் என்று குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

தாரிணி ஒன்றரை மணித்தியாலம் குனிந்திருந்து துடைத்தாள். இரண்டு கட்டைகள் எழும்பின. மற்ற ஐந்துக்கும் மேலே சோக்கால் கோடு போட்டாள். "இதுகளத் தொடாம வாசிச்சுப் பாக்கிறன்" என்றாள். ஏலாமல் போனால் முதல் பாட்டோடு நிறுத்திவிடுவதாகவும் சொன்னாள்.

ஆறு மணிக்கு நாற்பது கதிரையும் நிறைந்துவிட்டது. செங்கலடிப் பக்கத்துக் கம்பஸ் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். காத்தான்குடியில் இருந்து உங்கள் சினேகிதர், எனக்கும் அண்ணன் முறையான ஹனிபாக் காக்கா புடவைக்கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து, முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். தவம் மச்சான் மைக்கைப் பிடித்தார். "பியானோ கொஞ்சம் பழுது. காலஞ்சென்றவர் உண்மையைச் சொல்லாம இவங்களக் கூப்பிட்டிட்டார். பொறுத்துக்கொள்ளுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் எழும்பவில்லை.

வாசிக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஜாஸ் விளங்காது, உங்களுக்குத் தெரியும்தானே. அன்றைக்கு நான் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் ஏற ஏற விரல் சோக்குக் கோட்டுக்குக் கிட்டக் கிட்டப் போய் வந்தது. ஒரு தரம் தவறி அதில் விழுந்தது. டக். வெறும் மரச்சத்தம். மேளக்காரன் அந்த நொடியே குச்சியால் விளிம்பில் டக் என்று பதில் போட்டான். பெரிய வயலினைக் கட்டிப்பிடித்து நின்றவனும் பலகையில் தட்டினான். சனம் சிரித்துக் கைதட்டியது. எனக்கு உயிர் போய் வந்தது.

கைதட்டல் ஓயுமுன் காக்கா என் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, முப்பது வரிசம் பழகினவன். எனக்கு ஒரு பொய் சொன்னதில்ல. மெய்யாத்தான் அப்பிடி எழுதினானா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன், அண்ணா. உங்களைத் தெரிந்த மனிதர் என்னிடம் உங்களைப் பற்றிக் கேட்கிறார், நான் நிலத்தைப் பார்க்கிறேன்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. மைக்கில் என் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"எங்கட அண்ணன் பொய் சொல்லல்ல. அவர் எழுதக்குள்ள பியானோ நல்லாத்தான் இருந்த. நான்தான் அவர்ர படத்துக்கு வெச்ச பிளேன்டீய ஊத்திட்டன். துடக்கெண்டு திறக்கல்ல. மறுகா பயத்தில சொல்லல்ல. அவர் திரும்பிக் கதைக்கமாட்டார்தானே எண்டு, பழி அவருக்கு மேல கிடக்கட்டும் எண்டு இருந்திட்டன்."

சனம் எழும்பிப் போகப் போகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காக்கா கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தாரிணி, "இருங்க அன்ரி" என்றாள். பிறகு மெல்ல வாசிக்கத் தொடங்கினாள். ஒன்றேகால் மணித்தியாலம் வாசித்தார்கள். அவ்வளவு நேரமும் நான் அழுதேன்.

சனம் போனபிறகு தவம் மச்சான் கதிரைகளை மடித்துக்கொண்டே, வெறும் ஸ்டோருக்குள் உங்களிடம் சத்தமாகச் சொன்னார். "மன்னிச்சிரு மச்சான்." சொல்லிவிட்டு அடுத்த கதிரையை எடுத்தார். அவருக்கு அது அவ்வளவு லேசாக வந்தது. எனக்கு நாலு நாளாக வாயில் வருகுதில்லை. அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

மன்னியுங்கள் அண்ணா. நீங்கள் திரும்பிக் கதைக்கமாட்டீர்கள் என்ற துணிவில் உங்களுக்கு மேல் எதையும் சுமத்த இனி ஒருவரையும் விடமாட்டேன். முதல் ஆளாக, என்னை விடமாட்டேன்.

பிந்தி வாய் திறந்த உங்கள் தங்கச்சி,
விமலா