மூன்றாம் அறிவிப்புக்கு முன்

அன்பு மகளுக்கு, நீ நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு சித்தி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் அவர் கிருபையால் சுகம். எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். உன்னைப் பெற்றவள் நானில்லை, உனக்கு அக்கா வயதில் இந்த வீட்டுக்குள் வந்தவள், போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்கு மேல் உன்னை ஒன்றும் கேட்டதில்லை, இப்போது திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. போனிலேயே சொல்லிவிடலாம் என்றால் நம் வீடுதான் உனக்குத் தெரியுமே, முன்னறையில் தும்மினால் சமையலறையில் கேட்கும். நீ கூப்பிட்டால் போனில் யார் என்று உன் அப்பா கேட்பார், நீதான் என்று தெரிந்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வார், நாம் பேசி முடிக்கிறவரைக்கும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை, ஆனால் சபையின் ஸ்பீக்கர் பெட்டிகளை இன்னும் தானேதான் தூக்குவேன் என்கிறார், வேறு யாரும் மைக்கைத் தொட்டால் பிடிக்காது. சின்னக்குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. போன வாரம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து வந்து, அக்கா நரகத்துக்குத்தான் போவாளா, அங்கே லீவு உண்டா என்று கேட்டாள். யார் சொன்னது என்றால் டீச்சர் என்றாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. நீ கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறாய் என்று சொன்னதிலிருந்து எனக்கு உன் கால் நினைப்புதான், இரவில் கொஞ்ச நேரமாவது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள், நல்ல செருப்பு வாங்கக் கணக்குப் பார்க்காதே.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். பாட்டு வாத்தியாருக்குக் கல்யாணம். அவரை உன் கணவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, சபை கூப்பிடுகிற பெயரிலேயே கூப்பிடுகிறேன். கோர்ட்டில் உங்கள் விவாகரத்து முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. விட்டுவிட்டுப் போனவள் நீ, ஆகவே குற்றம் உன்னுடையது, அவர் மறுபடி கட்டிக்கொள்ளத் தடையில்லை என்று முடிவெடுத்தார்கள். உன் அப்பாவும் கமிட்டியில்தானே இருக்கிறார். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது தூக்கினார். வீட்டுக்கு வந்து எதற்குத் தூக்கினீர்கள் என்று கேட்டேன், எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் எப்படித் தூக்காம இருக்க முடியும், என் பொண்ணுன்றதுக்காகச் சபையை எதிர்த்தேன்னு பேசுவாங்க என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தவற்றையே.

வழக்கம்போல மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்கிறார்கள். இரண்டு முடிந்துவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று சொல்லிப் போதகர் நிறுத்துகிறார், நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார், எழுந்து தடை சொல்ல இருக்கிற நேரம் அதுதான். முதல் ஞாயிறு பின் பெஞ்சிலிருந்து உன் மாமியார், சத்தம் பத்தலையே, பேரே கேக்கலை என்றாள். உன் அப்பா மைக் பெட்டியின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார், போதகர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். உன் அப்பா காதிலே விழ வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அவரும் கூட்டி வைத்தார். பாட்டு வாத்தியார் பாடகர் குழுவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார், கண் துடைத்துக்கொண்டார், பார்த்த பெண்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள்.

பெண்கள் ஜெபக் கூட்டத்தில் உன் பெயர் இப்போது நிரந்தர ஜெபக் குறிப்பு. வயிற்றுவலிக்காரி, வேலை கிடைக்காதவன், பிறகு நீ. உன் மாமியார்தான் முழங்கால் போடுவாள். ஆண்டவரே, தாலிகட்டினவன் வேண்டாம்னு தேசம் விட்டு தேசம் ஓடினாளே, அவ எங்க படுக்கிறாளோ எங்க எழுந்திரிக்கிறாளோ நீரே அறிவீர் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், சுற்றி எல்லாரும் ஆமென் போடுவார்கள், பிறகு பிஸ்கட் தட்டு வரும். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்கென்னம்மா, பெத்த வயிறா என்ன எரியறதுக்கு என்றாள். சிரித்தார்கள். நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள் நான், ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. டிகிரி டெய்லர் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதற்குக்கூட ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அந்த டெய்லரிடம்தான் உன் கல்யாணக் கவுன் வந்தது. நீ அங்கேயே விட்டுவிட்டுப் போன அதே வெள்ளைக் கவுன். உன் மாமியார் பையோடு கொண்டுவந்து மெஷின் மேல் வைத்து, நல்ல துணி, ஒரே நாள் போட்டது, வீணாக்குவானேன், இந்தப் பொண்ணு கொஞ்சம் குட்டை, கீழே வெட்டிக் கொடு, கூலி கேட்டு வாங்கிக்கோ, சபை வேலைன்னு சும்மா செய்யாதே என்றாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதைத் தெரிந்து நீ என்னை என்ன நினைத்தாலும் சரி.

அளவு பார்க்க அந்தப் பெண் வந்தாள். பல் டாக்டரிடம் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற பெண், தகப்பன் இல்லை, அவளும் நம்மைப் போலத்தான் மெதுவாகப் பேசுகிறவள். உன் கவுனைப் போட்டுக்கொண்டு நாற்காலி மேல் நின்றாள், நான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். அக்கா, அவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க, அவர்கிட்ட கேட்டா அழறாரு, உங்களுக்காவது தெரியுமா என்றாள். வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்லத் தேவையில்லாமல் போனது, அதற்காக அப்போது சந்தோஷப்பட்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் போன் நம்பர் கொடு, கவுன் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். போன் இப்போ அவர்கிட்டதான் இருக்குக்கா, கல்யாணம் வரைக்கும் நல்ல நினைப்பா இருக்கணும்னு வாங்கி வச்சிருக்காரு, நல்லதுக்குத்தானே என்றாள். சொல்லும்போது கவுனின் கை மடிப்பை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அங்கே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, இல்லாததை எழுத மாட்டேன். ஆனால் அப்படி இழுத்துவிட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீயும் அப்படித்தான் செய்வாய்.

அந்த வெயில் நாளில் நீ வந்து, முதுகில் ஜிப் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் இழுத்துவிடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டாயே. ஜிப் இறங்கியதும் பார்த்தேன், கோடு கோடாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, நோட்டுப் புத்தகத்தில் வரி போட்டதுபோல. நீ சிரித்துக்கொண்டே, நான் சுருதி விட்டா தாளக் குச்சியால தாளம் போடுவாரு என்றாய். அப்பாகிட்ட சொல்லாதீங்க, அவருக்குப் பாட்டு வாத்தியார்னா உயிர், யாருகிட்டயும் சொல்லாதீங்க என்றாய், சரி என்றேன். அந்தச் சரியை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். உன் அப்பா கை தூக்கிவிட்டு வந்த அன்றும் காப்பாற்றினேன்.

போன வெள்ளி போதகரைப் பார்க்கப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஒருத்தியின் ரகசியம் தெரிந்தவள் இன்னொருத்தி கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரிஞ்ச விஷயம்தாம்மா, பாட்டுக்காரங்க கொஞ்சம் கோவக்காரங்க, அதுவும் உங்க பொண்ணு எதிர்த்துப் பேசுற சுபாவம், இது சாதுவான பொண்ணு, அவருக்குக் கோவம் வர்ற மாதிரி நடந்துக்காது என்றார். பிறகு, கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனைக்கு வேற யாரம்மா இருக்கா என்று கேட்டார். கடைசியில் எனக்காக ஜெபித்தார், என் நாவைக் காக்கும்படி. தலையில் கை வைத்து ஜெபித்தார், நானும் ஆமென் சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் எதற்கு ஆமென் சொன்னேன் என்று உறைத்தது. இவர்கள் யாருக்கும் தெரியாமல் இல்லை மகளே. தெரிந்தேதான் பாடுகிறார்கள், தெரிந்தேதான் உனக்காக முழங்கால் போடுகிறார்கள். உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைக்கிறேன், அல்லது குழாயைத் திறந்து விட்டுக்கொள்வது அதற்காகத்தானோ என்னவோ.

நேரத்துக்குச் சாப்பிடு, கால் வலித்தால் சுடுதண்ணீரில் வை. குளிர் தொடங்குவதற்குள் கழுத்து மூடிய சட்டை ஒன்று வாங்கிக்கொள். எந்தச் சபையிலும் சேர வேண்டாம் என்று தோன்றினால் கொஞ்ச நாள் சேராமல் இரு, ஆனால் ஜெபத்தை விடாதே, அது இவர்களுடைய சொத்து இல்லை. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன்னைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்வாராக. சின்னக்குட்டி விழுந்த பல்லைக் காட்டிச் சிரித்த போட்டோவும் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன் நன்மையை நாடும்
சித்தி

கையெழுத்துப் போட்டுவிட்டேன், கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு மூன்றாவது அறிவிப்பு. போதகர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் எழுந்து நின்று, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். சொன்னால் உன் அப்பா என்னை வீட்டில் வைத்திருப்பாரா தெரியாது, அது என் பாடு. ஆனால் உன் முதுகைப் பற்றித் தெருவே பேசும், அது உன் பாடு, உன் சம்மதம் இல்லாமல் அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீ அன்று என்னிடம் வாங்கிய சரியை எனக்குத் திருப்பிக் கொடு. முடியாது என்றால் முடியாது என்றாவது சனிக்கிழமைக்குள் எழுது, நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே மகளே, நீ பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.