அப்பாவின் எடையும் உன் மணல் மூட்டையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கைகால் எதுவும் சுளுக்கிக்கொள்ளாமல், யாரிடமும் முகத்தில் குத்து வாங்காமல் நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஜூடோவில் குத்துவதே இல்லை என்று நீ எத்தனை முறை சொன்னாலும் என் மனசு கேட்கிறதா. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். இது அவரைப் பற்றிய சமாச்சாரம், அவர் காதில் விழக் கூடாது. யூனிஃபார்ம் தைக்கிற சாக்கில் மிஷின்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுநடுவே சும்மாவே தையல் மிஷினை ஓட்டிச் சத்தம் காட்டுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்காதே. வேலைக்கு வெளியூர் போகும்போது நீ கட்டிலுக்கடியில் விட்டுப் போனாயே, ஜூடோப் பயிற்சிக்குத் தூக்குகிற மணல் மூட்டை, அதை ஐந்து மாதமாக நான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். நீ இங்கே இருந்தபோது அதைத் தொப்பென்று போடுவாய், கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் படியேறி வந்து கத்துவார், நான் அவரோடு சேர்ந்துகொண்டு உன்னைத் திட்டுவேன். பொம்பளைப் பிள்ளைக்கு மூட்டை தூக்குற வேலை எதுக்குடி என்று கேட்டவள் நான்தான். அப்பா பாத்ரூம் வாசலில் விழுந்தாரே, அன்றைக்கு என் புத்தி மாறியது. பக்கவாதம் வந்து வலது பக்கம் சரியில்லாத மனிதர் தரையில் கிடக்கிறார், எனக்கு அவரை ஒரு சாண்கூட நகர்த்த முடியவில்லை. இழுத்தால் சட்டைதான் கையோடு வருகிறது. அதே எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து வரும்வரை அரைமணி நேரம் நானும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், நடுரோட்டில் வண்டி நின்னுபோச்சு, தள்ளத்தான் ஆள் இல்ல என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாராவாரம் வருகிற பிசியோதெரபி அக்காதான், இரும்பு வேண்டாம், வீட்டில் மணல் மூட்டை இருந்தால் அதில் பழகுங்கள் என்றார். இரும்பு வைத்த இடத்தில் இருக்கும், மணல் உள்ளேயே ஒரு பக்கமாகச் சரியும், பிடிக்கக் கைப்பிடி கிடையாது, அணைத்துத்தான் தூக்க வேண்டும். உன் அப்பாவும் அப்படித்தானே, எழுப்பினால் வலது பக்கமாகச் சரிகிறார். உள்ளே நீ போட்டிருந்த ஐந்து கிலோப் பொட்டலங்களில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு ஆரம்பித்தேன். முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி, மூட்டையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி எழ வேண்டும். முதல் வாரம் மாடிப்படி ஏறினாலே தொடை வெடவெடவென்று ஆடியது. மிஷின் பெடலை மிதிக்கக்கூட கால் வரவில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடி ரைட், ரைட், போலாம் என்று குரல் கொடுப்பார், மூட்டை நழுவினால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். நாலு மாதத்தில் ஆறு பொட்டலம், முப்பது கிலோ வந்துவிட்டது. கனத்த கான்வாஸில் அவருக்கு இடுப்புப் பட்டை ஒன்று தைத்து, இரண்டு பக்கமும் பிடி வைத்தேன். என் முழங்காலை அவருடைய முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, பட்டையைப் பிடித்து ஒரே மூச்சில் எழுப்பிவிடுகிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை போ. நாளுக்கு நாள் அவர் லேசாகிக்கொண்டே வந்தார், நான் பயில்வான் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் மூட்டையைத் தொடவில்லை. காய்ச்சல் விட்டபிறகு தூக்கினால் முப்பது கிலோ மலையாகக் கனக்கிறது, ஒரு பொட்டலத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதே காலையில் அப்பாவை எழுப்பினேன், முன்னைவிடச் சுலபமாக எழுந்து வந்தார். என் பலம் குறைந்திருக்கிறது, அவர் மட்டும் எப்படி லேசாவார்? அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார்த்தி எடை பார்க்கிற மிஷினில் பார்த்தோம். அறுபத்தெட்டு கிலோ இருந்தவர் அறுபது. டாக்டர் ரத்தம், ஸ்கேன் எல்லாம் எழுதிக்கொடுத்தார். ரிசல்ட் வருகிற வரை நான் எதையெதையோ நினைத்து அழுதது எனக்குத்தான் தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறது, சாப்பாடு போதவில்லை என்றார்கள். அதெப்படி, தட்டைக் காலிசெய்துதானே கொடுக்கிறார் என்று நான் டாக்டரோடு சண்டைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் கட்டிலோரத்து ஜன்னலுக்குக் கீழே தெருநாய் ஒன்று பூசணிக்காய் மாதிரி உருண்டு படுத்திருக்கிறது. நான் மிஷினில் உட்கார்ந்த நேரம் பார்த்து, இடது கையால் பாதிச் சாப்பாட்டைப் பேப்பரில் சுருட்டி வெளியே போட்டிருக்கிறார். நாய்க்கு நன்றி இருக்கிறது, அவரைப் பார்த்தால் வாலாட்டுகிறது.

கேட்டேன். விடாமல் கேட்டேன். கடைசியில் என் கோபத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் விழுந்த சேதி கேட்டு நீ அன்றைக்குப் போனில், அம்மாவால தூக்க முடியலன்னா நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுறேன் என்று அழுதாயே, ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். அதே போனில்தான், போட்டிக்கு முன்னால் மூன்று நாள் பட்டினி கிடந்து இரண்டரை கிலோ குறைச்சுட்டேன் என்று பெருமையாகவும் சொன்னாய். இரண்டையும் சேர்த்து அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். உன்னால தூக்க முடியலன்னா நம்ம பொண்ணு வந்துடுவா, அவ ஆட்டம் அதோட முடிஞ்சிடும், நான் கொஞ்சம் இளைச்சா யாருக்கு என்ன நஷ்டம் என்றார். நான் கத்தினேன், உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று. அவர் நிதானமாகக் கேட்டார், என் பொண்ணு குறைக்கலாம், நான் குறைக்கக் கூடாதா? கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியாமல் அவர் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். என் பாரம் குறையட்டும் என்று அந்த மனிதர் பசியோடு படுத்திருந்திருக்கிறார், நானோ பக்கத்திலேயே இருந்துகொண்டு என் கைப்பலத்தை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இப்போது அவர் முன்னால் உட்கார்ந்து, கடைசி வாய்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மூட்டையையும் விடவில்லை, ஏழாவது பொட்டலம் போட்டாகிவிட்டது, அவர் எத்தனை கிலோ ஏறினாலும் நான் தூக்குவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனாலும் அரைத் தட்டோடு கையைக் கழுவப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது. ஐம்பத்தேழு கிலோப் பிரிவிலேயே இருப்பதற்காக நீ வயிற்றைக் காயப்போடுகிறாய், அடுத்த பிரிவுக்குப் போ என்று உன் கோச் இரண்டு வருஷமாகச் சொல்கிறார், அங்கே பெரிய பெரிய ஆட்கள், தோற்றுவிடுவேன் என்று நீ பயப்படுகிறாய். தோற்றுப் போயேன். எனக்கும் உன் அப்பாவுக்கும் நீ தோற்பது ஒரு விஷயமா? உனக்கு இதில் புத்தி சொல்ல எனக்கு ஜூடோ தெரியாது, பசி தெரியும். நீ வேலையை விட்டு வர வேண்டாம், பயிற்சியை விட வேண்டாம். வயிறாரச் சாப்பிடு, அதை அவரிடம் நீயே சொல்லு. நான் சொன்னால் நம்ப மாட்டார்.

நீ ஆரோக்கியமாக, நினைத்ததெல்லாம் நடந்து, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். தோள்பட்டைக்கு மறக்காமல் ஒத்தடம் கொடு. இந்தக் கடிதம் வந்ததாகப் போனில் மூச்சுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்கிற நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடு, உன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். நீ சாப்பிட்டாயா என்று முதலில் கேட்பார். பொய் சொல்லாதே, எட்டு கிலோவை என்னிடமே மறைத்த ஆள் அவர், உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் பார்க்கச் சாப்பிடு.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற மாதிரி தவிக்கிற,
அம்மா